வெனிஸ் கரையிலிருந்து சுறாப்பல் தேடி மூழ்கப் போகிறவர்களுக்கு

ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில், சாரசோட்டாவுக்குக் கொஞ்சம் தெற்கே வெனிஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. உலகத்தின் சுறாப்பல் தலைநகர் என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது, அதில் பெரிய மிகையும் இல்லை. கரையோர மணலைச் சல்லடையில் அள்ளிச் சலித்தாலே விரல் நகம் அளவுப் பற்கள் கிடைக்கும். மெகலோடான் என்ற, அழிந்துபோன ராட்சதச் சுறாவின் உள்ளங்கை அளவுப் பல் வேண்டுமென்றால்தான் தண்ணீருக்குள் போக வேண்டும். கரையிலிருந்து சில நூறு மீட்டர் நீந்திப் போய், 5 முதல் 9 மீட்டர் ஆழத்தில் தரையோடு தரையாகக் கிடந்து தேட வேண்டும். படகு இல்லாமலே போகலாம் என்பதால் ஸ்கூபா படித்து முடித்த சூட்டோடு நிறையப் பேர் இங்கே வந்துவிடுகிறார்கள்.

ஆழம் குறைவுதானே என்று அலட்சியமாக வருவதுதான் சிக்கல். இந்த டைவில் அடியில் இருக்கும் நேரம் சுகமானது. சிரமமெல்லாம் மேலேயும் ஓரத்திலும்தான்: குறுக்கே போகும் படகுகள், கரையில் உடையும் அலை, முழுச் சாமானோடு நீண்ட நீச்சல், கலங்கிய தண்ணீர், திரும்பும்போது பை நிறையக் கல்லும் எலும்பும். பல்லைக் கண்டுபிடிப்பது இதில் எளிய வேலை. அதனால் கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் பல்லைப் பற்றியதாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மட்டும் ஏன் இவ்வளவு பல்

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, செத்ததும் மக்கிவிடும். பல் மட்டும் தங்கும். அதுவும் ஒரு சுறா வாழ்நாள் முழுக்கப் பல் உதிர்த்துக்கொண்டே, புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். மெகலோடான் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை கடலில் திரிந்த இனம். அந்தக் காலத்தில் இன்றைய ஃப்ளோரிடாவின் பெரும்பகுதி ஆழமில்லாத கடலுக்கடியில் கிடந்தது. அப்போது படிந்த பாஸ்பேட் நிறைந்த படுகைகள் வெனிஸ் கரைக்கு எதிரே கடலடியில் வெளியே தெரிகின்றன. அலையும் ஓட்டமும் அவற்றை அரித்து, பாரமானதை விட்டுவிட்டு மண்ணை மட்டும் கொண்டுபோகின்றன.

அதற்கு மேலே பனியுகத்துச் சரக்கும் கலந்து கிடக்கும். பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இப்போதையதைவிட 120 மீட்டர் போலக் கீழே இருந்தது, இன்று நீங்கள் மூழ்கும் இடம் அன்று உலர்ந்த நிலம். அதனால்தான் சுறாப்பல்லுக்குப் பக்கத்திலேயே குதிரைப் பல்லும், மம்மூத் பல்லின் துண்டும் கிடைப்பது உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கலப்புதான் சட்டத்திலும் உங்களைக் கொஞ்சம் சுற்றவைக்கும்.

முதலில் காகித வேலை

ஸ்கூபா சான்றிதழ் அட்டை இல்லாமல் அங்கே யாரும் சிலிண்டர் வாடகைக்குத் தர மாட்டார்கள், காற்றும் நிரப்ப மாட்டார்கள். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க நிலை போதும். ஆனால் அந்தச் சான்றிதழுக்குத் தேவையான டைவ்களை மட்டும் முடித்துவிட்டு நேரே இங்கே இறங்க வேண்டாம். தெளிந்த தண்ணீரில், வழிகாட்டி ஒருவர் பின்னால் இன்னும் சில டைவ் போய், உடம்பு பழகிய பிறகு வாருங்கள். முதல் தடவை அந்த இடம் தெரிந்த ஒருவரோடு, முடிந்தால் கட்டணம் கொடுத்தாவது, போவது நல்லது. பழகிப் பல நாளாகிவிட்டதென்றால் ஒரு மறுபயிற்சி வகுப்பு.

அடுத்தது புதைபடிவ அனுமதி. ஃப்ளோரிடாவில் மாநில அரசுக்குச் சொந்தமான நிலத்தில், கடலடி நிலமும் இதில் சேரும், முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவத்தை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். கேன்ஸ்வில் நகரில் இருக்கும் ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்தான் அதைத் தருகிறது, ஓராண்டுக்குச் செல்லும், கட்டணம் சொற்பம். சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு உண்டு. தாவரப் படிவங்களுக்கும், சிப்பி போன்ற முதுகெலும்பில்லாதவற்றுக்கும் அப்படித்தான். "நான் பல்தானே எடுக்கப் போகிறேன், எனக்கு எதற்கு அனுமதி" என்று தோன்றும். கீழே போனதும் முதலில் கண்ணில் படுவது ஆவுளியாவின் விலா எலும்பாகத்தான் இருக்கும், திமிங்கலத்தின் காது எலும்பாக இருக்கும், குதிரைப் பல்லாக இருக்கும். அனுமதி இல்லையென்றால் அதையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். வாங்கிவிடுங்கள். மாநிலப் பூங்கா எல்லைக்குள் எடுக்கக் கூடாது. மனிதர் செய்த கல்லாயுதம், பானைத் துண்டு, கப்பல் சாமான் எதையும் எந்த அனுமதியை வைத்துக்கொண்டும் எடுக்கக் கூடாது, அது தொல்லியல் சட்டம், வேறு கணக்கு.

மூன்றாவது, டைவ் கொடி. சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை. ஃப்ளோரிடா சட்டப்படி நீருக்குள் ஆள் இருக்கும்போது இது மேலே தெரிய வேண்டும். மிதவையில் கட்டி இழுத்துப் போகும் கொடி 12 அங்குலத்துக்கு 12 அங்குலமாவது இருக்க வேண்டும். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள், வாய்க்கால், முகத்துவாரம் போன்ற இடங்களில் 100 அடிக்குள் நீங்கள் இருக்க வேண்டும், படகுக்காரரும் அந்தத் தூரத்துக்குள் வந்தால் மெல்ல ஊர்ந்துதான் போக வேண்டும். ஆள் மேலே வந்துவிட்டால் கொடியையும் எடுத்துவிட வேண்டும். சட்டம் 300 அடி என்று சொன்னாலும் நீங்கள் கொடிக்கு நேர் கீழேயே இருங்கள், காரணம் பின்னால் வரும்.

காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவை விலக்கி வைத்திருப்பார்கள், சின்ன எழுத்தைப் படியுங்கள். அமெரிக்க மருத்துவமனைச் செலவு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நீச்சல் குளத்தில் பழக வேண்டியவை

ஆழமான டைவுக்குத் தயாராவதும் இதற்குத் தயாராவதும் ஒன்றல்ல. பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, அதற்கடுத்த பத்து மீட்டரில் அதைப் போல ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அதாவது காற்று சுருங்கி விரியும் அளவு அதிகமாக மாறுவது மேல் பகுதியில்தான். காது அடைப்பதும் இங்கேதான், மிதப்பு கைக்கு அடங்காமல் போவதும் இங்கேதான். நுரையீரல் நிறையக் காற்றோடு மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றேகால் மீட்டர் மேலேறினால்கூட நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. மூச்சை அடக்கக் கூடாது என்ற முதல் பாடம் 6 மீட்டரில் 30 மீட்டரைவிடக் கூடுதலாகவே பொருந்தும்.

குளத்தில் மூன்று விஷயம் செய்து பாருங்கள். ஒன்று, தலை சற்றுக் கீழே, ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மேலே தூக்கியபடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அப்படியே நிற்பது. கால் அசையாமல், மூச்சை வைத்து மட்டும். இதில்தான் பாதி வேட்டை இருக்கிறது, ஃபின் ஒரு தடவை தரையில் பட்டால் போதும், அந்த இடமே புகைமூட்டமாகிவிடும். இரண்டு, தவளை உதை. சாதாரணமாக மேலும் கீழும் உதைப்பது அடி மண்ணைக் கிளப்பும், தவளை உதை தண்ணீரைப் பின்னால் தள்ளும். மூன்று, மிதப்புக்கான ஜாக்கெட்டில் காற்றடித்து, முழுச் சாமானோடு, ஸ்நார்கெல் (மேலே மிதந்தபடி மூச்சு விடும் குழாய்) வைத்து, நிற்காமல் 400 மீட்டர் நீந்துவது. மூச்சு வாங்கினால் இன்னும் சில வாரம் பழகிவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். மாஸ்க்கைக் கழற்றி மாட்டித் தண்ணீரை வெளியேற்றுவதும் கண் மூடிக்கொண்டு செய்ய வர வேண்டும், கலங்கலில் அதுவும் இருட்டில் செய்வதும் ஒன்றுதான்.

சாமான்

வழக்கமான ஸ்கூபா சாமான் எல்லாம் வேண்டும், அதைத் திரும்பப் பட்டியல் போடவில்லை. இந்த வேலைக்கென்று சேர்க்க வேண்டியவை வேறு.

கொடியும் மிதவையும் சொன்னேன். அதற்கான கயிறு சுருளில் இருக்கட்டும், மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டாம். ஏதாவது படகு கொடியை இழுத்துக்கொண்டு போனால் கயிற்றை விட்டுவிட முடிய வேண்டும். கயிற்றின் நீளம் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

சிப்பியும் பாறையும் கையைக் கிழிக்கும், கையுறை அவசியம். கயிறு வெட்டும் கத்தி அல்லது கத்தரி, கை எட்டும் இடத்தில். மீன்பிடிக்கிறவர்கள் விட்டுப்போன நைலான் நரம்பு அடியில் கண்ணுக்கே தெரியாது. திசைகாட்டி. சின்னக் கைவிளக்கு, பகலிலும்: கலங்கிய தண்ணீரில் பல்லின் மினுமினுப்பு விளக்கொளியில்தான் தெரியும். இரண்டு பை: பெரிய வலைப் பை ஒன்று, அதற்குள் சிறிய பற்களுக்கு மூடியுள்ள டப்பா அல்லது நெருக்கமான துணிப்பை. மண்ணைக் கிளற ஒரு சின்னக் கைக்கரண்டி போதும், பலருக்குக் கையே போதும்.

வெட்சூட்டில் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆழம் குறைவென்பதால் ஒரு மணி நேரம் அடியில் இருப்பீர்கள், அதுவும் நீந்தாமல் சும்மா கிடப்பீர்கள். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும், அப்போது 3 மி.மீ. தாராளம். குளிர்காலத்தில் 17, 18 டிகிரிக்கு இறங்கும், நம் ஊர் உடம்புக்கு 7 மி.மீ. உடையும் தலைக்குல்லாயும் இல்லாமல் அரை மணியில் பல் கிட்டித்துவிடும்.

எடை. வழக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிக்கொள்வார்கள், தரையோடு ஒட்டிக் கிடக்க அது உதவும். ஒரு சிலிண்டரில் இருக்கும் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை, டைவ் முடியும்போது அது போய்விடும், அலுமினிய சிலிண்டர் என்றால் கடைசியில் உங்களை மேலே இழுக்கத் தொடங்கும். அதற்காக அள்ளிக் கட்டவும் வேண்டாம். நிறைய எடை கட்டியவர் ஜாக்கெட்டில் நிறையக் காற்றடிப்பார், அந்தக் காற்று இந்த ஆழத்தில் ஒரு மீட்டர் ஏறினாலே விரியும், அவ்வளவுதான், பந்து மாதிரி மேலே போய்விடுவார்.

இன்னொன்று: அங்கே எல்லாம் அமெரிக்க அளவு. அழுத்தமானியில் பார் என்ற அளவு இருக்காது, பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) இருக்கும். 3000 பி.எஸ்.ஐ. என்றால் 200 பார் போல, 1000 என்றால் 70, 500 என்றால் 35. ஆழம் அடியில், எடை பவுண்டில். ஒரு கிலோ 2.2 பவுண்டு. முதல் நாள் வாடகைச் சாமானைக் கையில் வாங்கும்போதே இந்த எண்களை ஒரு தடவை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். தண்ணீருக்குள் வாய்ப்பாடு வராது.

நாள் பார்ப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், இதைத்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள், இரண்டு நாள்தான் விடுப்பு என்று அடிக்கிற காற்றிலும் இறங்குகிறார்கள். வெனிஸ் கரை மேற்கு பார்த்தது. கிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து மெல்லக் காற்று வீசினால் கடல் தட்டையாகக் கிடக்கும், தண்ணீர் தெளியும். மேற்கு அல்லது வடமேற்குக் காற்று வந்தால் அலை எழும்பும், அடி மண் கலங்கும், கையை நீட்டினால் விரல் தெரியாது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று ஒரு சுற்று அடித்துவிட்டுப் போனால் கடல் தெளிய இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். காற்று நின்றுவிட்டதே என்று மறுநாளே இறங்கினால் வெறுங்கையோடுதான் வருவீர்கள். நல்ல நாளிலும் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது அந்தக் கடலின் இயல்பு.

கோடையில் காலையிலேயே இறங்கி முற்பகலுக்குள் ஏறிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மின்னல் வழக்கம். மேற்பரப்பில் தலையை நீட்டிக்கொண்டு மின்னலுக்கடியில் நீந்துவது போல முட்டாள்தனம் வேறில்லை. மே முதல் அக்டோபர் முடிய கடலாமை முட்டையிடும் காலம், கரையில் குச்சி நட்டு அடையாளமிட்ட இடங்களில் சாமானை விரிக்காதீர்கள். செம்பாசி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒரு நுண்பாசி, பெருகும்போது அதன் நஞ்சு அலையோடு காற்றில் கலந்து கரையில் நிற்பவருக்கே இருமல் வரும், செத்த மீன் ஒதுங்கும். மாநில மீன்வள, வனவிலங்கு ஆணையம் அதன் நிலவரத்தை வரைபடமாக வெளியிடுகிறது.

மூக்கடைப்பு, சளி இருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் பாதியில் மருந்தின் வேகம் தீர்ந்து, மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

காற்றுக் கணக்கு

பதற்றமில்லாத ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டரில் அழுத்தம் 1.6 மடங்கு, ஆக நிமிடத்துக்கு 32 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் 2200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது என்று ஒதுக்கினால் 1650 லிட்டர் மிச்சம். 1650-ஐ 32-ஆல் வகுத்தால் 51 நிமிடம். உங்கள் இழுப்பு தெரிந்தால் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த 51 நிமிடத்தையும் தேடுவதற்கே செலவழிக்கக் கூடாது. போகும்போது மேலேயே ஸ்நார்கெலில் நீந்திப் போய்விட்டால் காற்று மிச்சம். திரும்பும்போது அலை எழும்பியிருக்கலாம், அல்லது படகு கூடியிருக்கலாம், அப்போது அடியிலேயே நீந்தி வரக் காற்று வேண்டும். அதனால் மூன்றில் ஒரு பங்கு மீதம் இருக்கும்போதே கிளம்புங்கள், 3000 பி.எஸ்.ஐ.யில் தொடங்கினால் 1000 வந்ததும் கரைக்குத் திரும்பல். கூட்டாளியின் மானியும் சேர்த்துத்தான் கணக்கு, யாருக்கு முதலில் தீர்கிறதோ அவர் சொல்வதே நேரம்.

இறங்குவது

கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அலை எத்தனைக்கு ஒருமுறை பெரிதாக வருகிறது, எங்கே உடைகிறது, மிதக்கும் ஒரு இலை எந்தப் பக்கம் போகிறது. கரையோரமாக ஓட்டம் தெற்கே இழுத்தால் நீங்கள் வடக்கே தள்ளி இறங்க வேண்டும், அப்போதுதான் ஏறும்போது உங்கள் துண்டு கிடக்கிற இடத்துக்கு வருவீர்கள். நகரின் மீன்பிடிப் பாலத்தை விட்டு நன்றாகத் தள்ளியே போங்கள், அங்கே தூண்டில்கள்.

கரையில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், உயரமான கட்டடம் ஒன்று, அதற்குப் பின்னால் வேறொன்று. திசைகாட்டியில் வெளியே போக மேற்கு, திரும்பக் கிழக்கு. இவ்வளவு நேரான கரையில் வழி தவறுவது கடினம்தான், ஆனாலும் கலங்கலில் மேல் எது கீழ் எது என்றே ஐயம் வரும். அடியில் மணல் வரிகள் கரைக்கு இணையாக ஓடும், அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் கரையை நோக்கியோ அதை விட்டு விலகியோ போகிறீர்கள் என்று பொருள்.

ஜாக்கெட்டில் பாதிக் காற்று, மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாயில். கரையிலேயே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து நடங்கள், மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் கை தாங்கும் அளவுச் சுடுநீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வலி குறையும்வரை காலை முக்கி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இடுப்பளவு தண்ணீரில் கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின் மாட்டிக்கொள்ளலாம். அலை கொஞ்சம் பெரிதென்றால் முன்பே மாட்டிக்கொண்டு முதுகு காட்டிப் பின்னோக்கி நடங்கள். அலை உடையும் இடத்தில் நின்று எதையும் சரிசெய்யாதீர்கள், ஒன்று உள்ளே போங்கள் அல்லது வெளியே வாருங்கள்.

சுறா இருக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கும், கடல்தானே. கவலைப்பட வேண்டியது படகைப் பற்றி. மேலே வரும்போதெல்லாம் கொடிக் கயிற்றை ஒட்டியே, காது கொடுத்துக் கேட்டு, ஒரு கையை உயர்த்தியபடி வாருங்கள். நீருக்குள் மோட்டார் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது, அதனால் ஓசை கேட்டால் அடியிலேயே இருந்துவிடுங்கள். கொடிக்கு நேர் கீழே இருங்கள் என்றேனே, அது இதற்குத்தான்.

தேடுவது

இறங்கியதும் வெறும் வெள்ளை மணல் தெரிந்தால் அங்கே நேரம் போக்காதீர்கள். நகருங்கள். சரளை தெரியும் இடம், கறுப்புக் கூழாங்கல் கலந்த இடம், கெட்டியான களிமண் அல்லது பாறைத் திட்டின் ஓரம், அதன் கீழ்ப்பக்கக் குழி, இவைதான் இடம். பாரமான பொருள்கள் எல்லாம் ஒன்றாகத்தான் சேரும், எலும்புத் துண்டு தெரிகிற இடத்தில் பல்லும் இருக்கும். அப்படி ஒரு இடம் கிடைத்துவிட்டால் நில்லுங்கள். புதிதாக வருகிறவர்கள் ஏரியா முழுக்கச் சுற்றி வருவார்கள். பழகியவர் ஒரு அறை அளவு இடத்தில் முழுச் சிலிண்டரையும் தீர்த்துவிட்டு வருவார்.

ஓட்டத்தை எதிர்நோக்கி மெல்ல நகருங்கள், அப்போது நீங்கள் கிளப்பிய கலங்கல் பின்னால் போய்விடும், முன்னால் இருக்கும் இடம் தெளிவாக இருக்கும். சரளைக்கு மேலே கையால் இரண்டு தடவை விசிறுங்கள், மணல் பறக்கும், கல் தங்கும். பொறுங்கள். தெளிந்ததும் பாருங்கள். முழுப் பல்லைத் தேடாதீர்கள், அது அபூர்வமாகத்தான் முழுதாக மல்லாந்து கிடக்கும். நேர்கோட்டு விளிம்பு ஒன்று, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம் ஒன்று, வேர்ப்பகுதியின் சொரசொரப்பான மேடு ஒன்று, இப்படித்தான் தட்டுப்படும். சிப்பி உடைந்த துண்டுகளும் முக்கோணமாக இருந்து ஏமாற்றும். கையில் எடுத்துப் பார்த்தால் பல் தன் எடையாலேயே தெரிந்துவிடும். கறுப்பு, சாம்பல், பழுப்பு என்ற நிறமெல்லாம் வயதைச் சொல்லாது, எந்தக் கனிமத்தில் கிடந்தது என்பதைத்தான் சொல்லும்.

அகலமான முக்கோணம், விளிம்பில் மெல்லிய ரம்பம், பல்லுக்கும் வேருக்கும் நடுவே வேறு நிறத்தில் ஒரு பட்டை இருந்தால் மெகலோடான். பெரியவை 15 செ.மீ. தாண்டும், அந்த அளவில் கிடைப்பது அரிது. அந்தப் பட்டை இல்லாமல் ரம்பம் மட்டும் இருந்தால் வெள்ளைச் சுறாவாக இருக்கலாம். ரம்பமே இல்லாமல் கத்தி போன்ற விளிம்பென்றால் மாகோ. ஒரு பக்கம் ஆழமாக வெட்டுப்பட்டு வளைந்திருந்தால் புலிச் சுறா. சப்பையான, அடியில் சீப்புப் போலப் பள்ளம் விழுந்த துண்டு திருக்கையின் அரவைப் பல். வழவழப்பான, வளைந்த, கல்லைவிடக் கனக்கும் உருளை எலும்பு ஆவுளியா வகையின் விலா. அது அங்கே கொட்டிக் கிடக்கும், முதல் நாளே பை நிறைய அள்ளிவிடாதீர்கள்.

(சுறாவின் பல்தான் இது என்பதே பழைய காலத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, பாம்பின் கல்லாகிப்போன நாக்கு என்று ஐரோப்பாவில் நம்பியிருக்கிறார்கள். 1666-இல் நிக்கோலாஸ் ஸ்டெனோ ஃபிளாரன்ஸில் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று மறு ஆண்டு எழுதினார். பாறை அடுக்குகளை ஆராயும் துறைக்கே அது ஒரு தொடக்கம்.)

பை கனக்கத் தொடங்கியதும் ஒரு சோதனை: அதை உங்கள் மேல் மாட்டியிருக்கும் கொக்கி ஒரே இழுப்பில் கழல்கிறதா? கழலவில்லையென்றால் உடனே மாற்றுங்கள். பையின் எடையை ஜாக்கெட்டில் காற்றடித்துச் சமன் செய்யாதீர்கள். கை நழுவிப் பை விழுந்தால் அந்தக் காற்று உங்களை மேலே தூக்கிக்கொண்டு போகும். ஐந்து கிலோவுக்கு மேல் போனால் எடுத்ததில் பாதியை அங்கேயே கொட்டிவிடலாம், பெரும்பாலும் விலா எலும்பாகத்தான் இருக்கும்.

கடல் புல் முளைத்த இடத்தைக் கிளறாதீர்கள். பாறையில் ஒட்டி உயிரோடிருப்பதை உடைத்து எடுக்காதீர்கள்.

ஏறுவது

களைப்பில் தப்பு நடப்பது இங்கேதான். ரெகுலேட்டரை உலர்ந்த மணலில் நிற்கும்வரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். அலை உடையும் இடத்துக்கு முன்னாலேயே நின்று, பெரிய அலைகள் போகவிட்டு, சின்னதின் முதுகில் வாருங்கள். நிற்க முடியவில்லையா, கைகால் ஊன்றித் தவழ்ந்து ஏறுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தாலும் பரவாயில்லை. கரையை விட்டு இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால் எதிர்த்து நீந்தாமல், காற்றடித்து மிதந்தபடி கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வந்துவிட்டுப் பிறகு திரும்புங்கள்.

பிறகு

வானூர்தி ஏறுவதற்கு முன் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ், பல நாள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஆழம் குறைவுதானே என்று இதைத் தள்ளாதீர்கள், பயணத்தின் கடைசி நாளை அருங்காட்சியகத்துக்கோ சும்மா கரையில் சல்லடை போடவோ வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததை வெயிலில் காயவைக்க வேண்டாம். உப்பு உள்ளே படிகமாகி எலும்பு பிளந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, சில நாள் கழித்து நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். பல்லின் மேல் ஒட்டிய சிப்பியை மரக்குச்சியாலோ பல் மருத்துவர் ஊசியாலோ பொறுமையாகச் சுரண்டலாம், வினிகர், ப்ளீச் எதுவும் கூடாது, பல்லையே அரிக்கும். உதிரும் எலும்புக்கு அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசின் தடவுவார்கள்.

எடுத்த எலும்பு பழையதா, சமீபத்தில் செத்த மாட்டினுடையதா என்று ஐயமென்றால் ஓரத்தில் தீக்குச்சி காட்டிப் பாருங்கள், புது எலும்பு முடி கருகும் வாடை அடிக்கும். ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, நாள், இடம், ஆழம் எழுதிச் செருகுங்கள். அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் ஆண்டு முடிவில் எடுத்தவற்றின் பட்டியலை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டும், அப்போது இந்தத் துண்டுச் சீட்டுகள்தான் கைகொடுக்கும். பட்டியல் போய்ச் சேர்ந்து 60 நாளுக்குள் அவர்கள் எதையும் கேட்கவில்லையென்றால் அது உங்களுடையது.